மடியைத் தட்டினால் பறக்கும் ராக்கெட்: பாட்டு கிளாஸ் போகும் குழந்தைக்கு ‘லிட்டில் ஐன்ஸ்டைன்ஸ்’ சரிப்படுமா?

மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் பக்கம் பாட்டு கிளாஸ் நடக்கும் வீடுகளில், குழந்தையை விட வரும் பெற்றோர் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்கும் கேள்வி இது: “டிவி இல்லாமல் சாப்பிட மாட்டேன் என்கிறது மாமி. பார்க்கிறதுதான் பார்க்கிறது, சங்கீதம் வருகிற மாதிரி ஏதாவது கார்ட்டூன் இருந்தால் சொல்லுங்களேன்.” பதிலாக அதிகம் அடிபடும் பெயர் டிஸ்னியின் ‘லிட்டில் ஐன்ஸ்டைன்ஸ்’. 2005 அக்டோபரில் தொடங்கி 2009 இறுதியில் முடிந்துபோன தொடர். பழசுதான். ஆனால் மேற்கத்திய கிளாசிகல் சங்கீதத்தை ஓரத்தில் ஒலிக்கவிடாமல் அதை வைத்தே கதையை நகர்த்தும் பாலர் தொடர்கள் குறைவு என்பதால் இன்னும் பேச்சில் இருக்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். 3 முதல் 5 வயதுக்கு நல்ல தொடர். 6 வயதைத் தாண்டிய குழந்தை உட்காராது, உட்கார வைக்கவும் வேண்டாம். கர்நாடக சங்கீதம் கற்கத் தொடங்கிய குழந்தை என்றால் ஒரு இடத்தில் இது குழப்பிவிடும். அந்த இடம் தாளம். குழப்பத்தை வீட்டிலேயே சரிசெய்யலாம், வழி கீழே இருக்கிறது.

ஒரு எபிசோட் சுமார் 24 நிமிடம். நான்கு குழந்தைகள்: கையில் கோலோடு வாத்தியக் குழுவை நடத்தும், அதாவது ‘கண்டக்ட்’ செய்யும் லியோ, பாடுகிற அவன் தங்கை ஆன்னி, வாத்தியம் வாசிக்கும் க்வின்ஸி, நடனமாடும் ஜூன். இவர்களோடு பேச்சில்லாமல் ஒலியாலேயே பதில் சொல்லும் சிவப்பு ராக்கெட். ஒவ்வொரு எபிசோடிலும் ஒரு கலைப்படைப்பு, ஒரு கிளாசிகல் இசைத்துண்டு. மொஸார்ட், பேத்தோவன், பாக், க்ரீக் போன்றவர்களின் ஒரு மெட்டை எடுத்து, கதையில் தடங்கல் வரும்போதெல்லாம் அதையே பாடி, தட்டி, ஆடித் தாண்டுவார்கள். கார்ட்டூன் உருவங்களுக்குப் பின்னால் நிஜ இடங்களைப் படமெடுத்த காட்சிகள் ஓடும். கடைசியில் எல்லோரும் மேடைக்கு வந்து, இன்று கேட்டது எது, பார்த்தது எது என்று திரும்பச் சொல்வார்கள். அந்தக் கடைசிப் பகுதிதான் மிகவும் பயனுள்ளது. அதற்குள் ரிமோட்டைத் தேடாதீர்கள்.

குழந்தைகள் எப்படிப் பார்க்கிறார்கள் என்பது வயதுக்கு வயது மாறுகிறது. 2 வயதுக்கு இது வெறும் சிவப்பு ராக்கெட். மூன்றரை வயதில் கை வேலைசெய்யத் தொடங்கும். லியோ திரையிலிருந்து நேராகப் பார்த்து “மடியைத் தட்டுங்கள்” என்று கேட்டுவிட்டு ஓரிரு நொடி காத்திருப்பான். அந்த நொடிகளில் குழந்தையைக் கவனியுங்கள். முதல் தடவை உங்களைத் திரும்பிப் பார்க்கும். இரண்டாம் தடவை ஒரு கை மட்டும் தொடைமேல் விழும். பழகியபின் லியோ கேட்பதற்கு முன்பே இரண்டு கையும் தயாராக இருக்கும். ராக்கெட் கிளம்பும் கணத்தில் கைகளை மேலே தூக்கிக் கத்தும். வீட்டில் பேசுவது தமிழ் மட்டும்தான், இங்கிலீஷ் சரியாக வராது என்றாலும் பாதகமில்லை. கேட்கப்படுவது எல்லாம் செய்கை. சொல் புரிவதற்கு முன்பே கை செய்துவிடுகிறது. ஐந்தரை, ஆறு வயதில் பேச்சு மாறும்: “இது பேபி ஷோ.” அதோடு சரி. வற்புறுத்திப் பயனில்லை.

பெரியவர்கள் பக்கம் கதை வேறு. கேள்வி கேட்டுவிட்டு ஒருவரும் பதில் சொல்லாத மௌனத்தில் திரை விழிப்பது கூடத்தில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்குச் சகிக்காது. முகப்புப் பாட்டு மண்டையில் ஏறினால் இறங்காது. காலேஜ் போகும் அண்ணன்களுக்கோ அந்தப் பாட்டு இணையத்தில் பரவிய ராப் பீட் ரீமிக்ஸாகத்தான் தெரியும், குழந்தை பாடும்போது அவர்கள் சிரிப்பது அதனால்தான். பாட்டிகளின் புகார் மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டியது: “ஒரே வரியையே எத்தனை தடவை பாடறது?” புகாரில் பாதி நியாயம், பாதி இல்லை. அந்த வயதுக் குழந்தைக்கு ஒரு மெட்டு மனதில் தங்குவதற்கு அத்தனை தடவை வேண்டும். நம் கிளாஸில் முதல் ஸ்வரப் பாடமான ஸரளி வரிசையை மாதக்கணக்கில் பாடவைப்பதும் இதற்காகத்தானே. நியாயமான பாதியைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது தாளத்துக்கு வருவோம்.

ராக்கெட்டைக் கிளப்பும்போது தட்டுவது மெதுவாகத் தொடங்கும், அது அடாஜியோ. பிறகு மாடராட்டோ, அலெக்ரோ, ப்ரெஸ்டோ என்று ஏறும். நான்கு வயதுக் குழந்தை இத்தாலியச் சொற்களைச் சரியான இடத்தில் சொல்வது பார்க்க அழகுதான். அதிலும் சொல்லோடு உடம்பும் சேர்ந்து கற்றுக்கொள்வதால் மறப்பதில்லை. ஆனால் அங்கே ஏறுவது அடியின் வேகம். சீராக அடித்து வேகம் காட்டும் கருவியான மெட்ரோனோம் கணக்கில் அடாஜியோ நிமிடத்துக்கு 70 அடி சுமார், மாடராட்டோ 110, அலெக்ரோ 130, ப்ரெஸ்டோ 170க்கு மேல். அடிக்கும் அடிக்கும் நடுவில் உள்ள இடைவெளியே சுருங்கிக்கொண்டு போகிறது.

நம்முடைய முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் அப்படி இல்லை. கை போடும் ஆதி தாளம் நகராது, ஸ்வரங்கள்தான் இரட்டிக்கும். ஓர் அடிக்கு 1, பிறகு 2, பிறகு 4. ஸரளி வரிசையின் முதல் வரியில் ஏறி இறங்க 16 ஸ்வரம். முதல் காலத்தில் அது இரண்டு ஆவர்த்தனம், அதாவது எட்டு அடி கொண்ட இரண்டு தாளச் சுற்று, பிடிக்கும், இரண்டாம் காலத்தில் ஒன்று. மூன்றாம் காலத்தில் அரை ஆவர்த்தனத்திலேயே முடிந்துவிடும், அதனால் இரண்டு தடவை பாடி ஆவர்த்தனத்தை நிரப்புவோம். இத்தனைக்கும் கை அதே நடையில்தான் போகும்.

கார்ட்டூனில் ஊறிய குழந்தையிடம் “இரண்டாம் காலம்” என்று சொன்னால் என்ன நடக்கும்? கை ப்ரெஸ்டோவுக்குப் போய்விடும். தாளத்தின் முதல் பகுதியான லகுவின் அடியும் மூன்று விரலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிழ, அடுத்து வரும் த்ருதத்தில் கையைத் திருப்ப நேரமே இருக்காது. ஸ்வரம் ஓர் அடிக்கு ஒன்று என்றேதான் நிற்கும், எல்லாம் சேர்ந்து ஓடும். குழந்தையின் கணக்கில் அது சரியாகத்தான் செய்திருக்கிறது. வேகம் கேட்டார்கள், வேகம் கொடுத்தது. “தாளம் ஓடுது, தாளம் ஓடுது” என்று திட்டினால் அதற்கு ஒன்றும் புரியாது.

சரிசெய்ய ஒரு வாரம் போதும், தினம் 5 நிமிடம் ஒதுக்கினால். போனில் மெட்ரோனோம் ஆப்பை 60இல் வையுங்கள். முதல் நாள் பாட்டே வேண்டாம். அந்த ஒலிக்குக் குழந்தை மடியைத் தட்டட்டும், ஒன்று முதல் எட்டு வரை எண்ணட்டும். அடுத்து, நீங்கள் தட்டுங்கள், குழந்தை ஸ்வரம் சொல்லட்டும், முதல் காலம் மட்டும். பிறகு உங்கள் கை அதே வேகத்தில் தட்டிக்கொண்டிருக்க, குழந்தை ஓர் அடிக்கு இரண்டு ஸ்வரம் சொல்ல வேண்டும். இங்கே ராக்கெட்டையே பயன்படுத்திக்கொள்ளலாம்: ராக்கெட் ஒரே வேகத்தில்தான் பறக்கிறது, உள்ளே இருப்பவர்கள்தான் வேகமாகப் பாடுகிறார்கள் என்று சொல்லிப் பாருங்கள், சட்டென்று பிடித்துக்கொள்ளும். அது வந்தபிறகே தாளத்தைக் குழந்தையின் கைக்கு மாற்ற வேண்டும். மாற்றியதும் வேகம் ஏறினால், உங்கள் உள்ளங்கையை அதன் தொடைமேல் வைத்து, அந்தக் கைமேல் தாளம் போடச் சொல்லுங்கள். அடி முந்தும்போது உங்கள் கைக்கு முதலில் தெரிந்துவிடும். மெட்ரோனோமை 60க்கும் கீழே, 40 அளவுக்குக் குறைத்தால் சுலபமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். இடைவெளி நீண்டால் சின்னக் குழந்தையால் காத்திருக்க முடியாது, இன்னும் முந்தும்.

க்ரெஷெண்டோ விஷயத்தில் குழப்பமே இல்லை. சத்தம் படிப்படியாக ஏறுவதைக் கையைத் தூக்கிக் காட்டிக்கொடுக்கிறார்கள். நம் ஆரம்பப் பாடங்களில் இதற்கென்று தனிப் பயிற்சி கிடையாது, எல்லாம் ஒரே உரத்த குரலில் போகும். கார்ட்டூன் பார்த்த குழந்தை கீழே குரலை அடக்கி மேலே விரித்துப் பாடினால் தடுக்காதீர்கள்.

சுருதி விஷயத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. இந்தத் தொடரில் வரும் மெட்டுகளில் பல மேஜர் ஸ்கேல், அதாவது சங்கராபரண ராகத்தின் ஸ்வரஸ்தானங்கள். நாம் தொடங்குவதோ மாயாமாளவகௌளை ராகத்தில். அங்கே ரிஷபமும் தைவதமும் ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் ஒட்டி நிற்க வேண்டும். மேஜரில் பழகிய காது ரியை மேலே தூக்கிவிடும். இதற்குக் கார்ட்டூனை மட்டும் குற்றவாளி ஆக்க முடியாது. ஸ்கூல் ரைம்ஸ், சொசைட்டியில் பாடும் பர்த்டே பாட்டு எல்லாமே மேஜர்தான். பார்த்த உடனே பாட உட்காரவைக்காமல், நடுவில் தம்பூரா ஆப்பைச் சில நிமிடம் ஓடவிட்டு, ‘ஸ ரி ஸ, ஸ ரி ஸ’ என்று மட்டும் பாடவைத்தால் ரி தன் இடத்துக்கு இறங்கிவிடும்.

அதே மேஜர் ஸ்கேல் இன்னொரு விதத்தில் வசதி. பேத்தோவனின் 9ஆம் சிம்பொனியில் வரும் ‘ஓட் டு ஜாய்’ மெட்டை ஸ்வரமாகவே சொல்லிக்கொடுக்கலாம். நான்கு நான்காகப் பிரித்தால்: க க ம ப, ப ம க ரி, ஸ ஸ ரி க, க , ரி ரி. இரண்டாம் தடவை கடைசியில் ‘ரி , ஸ ஸ’ என்று முடியும். முதல் இரண்டு வரிக்கு ஸ முதல் ப வரை ஐந்தே ஸ்வரம். மூன்றாம் வரியின் முடிவில் மந்தர பஞ்சமம், அதாவது கீழ் ஸ்தாயி ப, ஒரு தடவை வரும். 5 கட்டை சுருதியில் பாடும் குழந்தைக்கு அது எட்டாது, தொண்டையை அழுத்தும். அந்த ஒரு ஸ்வரத்தை நடு ஸ்தாயியிலேயே பாடச் சொல்லிவிடலாம், மெட்டு கெடாது. கீபோர்டு இருந்தால், கேட்டதைத் தேடித் தேடி ஒரு விரலால் வாசிக்க விடுங்கள். எந்தக் கட்டையில் கண்டுபிடித்தாலும் சரி.

இங்கிருந்து நொட்டுஸ்வரத்துக்குப் போவது ஓர் எட்டுத்தான். முத்துஸ்வாமி தீட்சிதர் மேற்கத்திய மெட்டுகளைச் சங்கராபரணத்தில் வைத்து சம்ஸ்கிருதத்தில் எழுதிய சின்னச் சின்ன உருப்படிகள் அவை. ‘சக்தி ஸஹித கணபதிம்’ பாடாத பாட்டு கிளாஸ் மும்பையில் இருக்க முடியாது. பிரிட்டிஷ் தேசியகீத மெட்டில் அமைந்த ‘ஸந்ததம் பாஹிமாம்’ அதே வகை. ஸ்வரத்தை அசைக்கும் கமகம் அநேகமாக இல்லாமல் ஸ்வரங்கள் நேராக நிற்கும் பாட்டுகள் என்பதால், கார்ட்டூனில் கேட்ட மெட்டையும் கிளாஸில் பாடும் பாட்டையும் குழந்தையின் காது தானாகவே சேர்த்துக்கொள்ளும். “இதுவும் அந்த ராக்கெட் பாட்டு மாதிரியே இருக்கு” என்று ஒரு குழந்தை சொன்னால், அது சரியாகத்தான் கேட்டிருக்கிறது.

பாட்டியின் புகாரில் நியாயமான பாதி இதுதான்: தொடரில் எந்த இசையும் முழுசாக வருவதில்லை. சில நொடி மெட்டைத் துண்டாக எடுத்து, வார்த்தை போட்டு, வாத்தியம் மாற்றி, திரும்பத் திரும்பச் சுற்றுகிறார்கள். மொஸார்ட்டின் ‘ஐனே க்ளைனே நாஹ்ட்மூஸிக்’ என்ற 1787 படைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தை நம் முறையில் சொன்னால் ‘ஸ , ப ஸ , ப ஸ ப ஸ க ப’, முதலில் வரும் பஞ்சமங்கள் எல்லாம் கீழ் ஸ்தாயி. துண்டை மட்டும் கேட்டுப் பழகிய குழந்தைக்கு அசல் முதல் பகுதியை, சுமார் ஆறு நிமிடம், போட்டுக் காட்டினால் அரை நிமிடத்தில் “அந்தப் பாட்டு எங்கே போச்சு?” என்று கேட்கும். மெட்டு போய், வேறு மெட்டு வந்து, சுற்றித் திரும்புவதுதான் அந்த இசையின் கட்டுமானமே. ஆகவே எபிசோட் முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு, படம் இல்லாமல் ஒலி மட்டும், அசலை ஒரு தடவை ஓடவிடுங்கள். ஒரே ஒரு வேலை கொடுங்கள்: தெரிந்த மெட்டு திரும்பி வரும்போது கையைத் தூக்க வேண்டும். பல்லவிக்குத் திரும்புவதை அடையாளம் காண்பதற்கும் இதே பயிற்சி உதவும்.

எதில் கேட்கிறார்கள் என்பதும் முக்கியம். போன் ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலிகள் வெளியே வராது, 200, 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே தேய்ந்துபோகும். வயலினின் மிகத் தாழ்ந்த தந்தி 196 ஹெர்ட்ஸ், செல்லோவுக்கு 65, டபுள் பேஸுக்கு 41. க்வின்ஸி செல்லோவைக் காட்டும்போது போனில் கேட்பது செல்லோவின் மேல் விளிம்பு மட்டுமே. குழந்தைக்கு எல்லா வாத்தியமும் வயலின் மாதிரியே கேட்டால் காது குறையல்ல. மிருதங்கத்தின் தொப்பியும், அதாவது தாழ்ந்த ஒலி தரும் பக்கமும், போனில் இப்படித்தான் காணாமல் போகும். டிவியோடு சாதாரண ப்ளூடூத் ஸ்பீக்கர் ஒன்றைச் சேர்த்தாலே வித்தியாசம் தெரியும். ப்ளூடூத்தில் ஒலி சற்றுப் பின்தங்கி வரும் செட்களும் உண்டு. அப்படியானால் தட்டும் காட்சியில் கையும் சத்தமும் ஒட்டாது, தாளம் கற்கும் குழந்தைக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. கேபிள் போட்டுவிடுங்கள், அல்லது டிவி செட்டிங்கில் ஒலித் தாமதத்தைத் திருத்துங்கள்.

யூடியூபில் யாரோ ஏற்றிவைத்த துண்டுகளைத் தவிர்ப்பது நல்லது. காப்புரிமைப் பிடியில் சிக்காமல் இருக்கச் சுருதியைக் கொஞ்சம் ஏற்றியோ ஓட்டத்தை வேகப்படுத்தியோ போடுவது அங்கே வழக்கம். அசல் மெட்டு அரைக் கட்டை தள்ளி நிற்கும். தம்பூரா ஆப்பில் ஒரு ஸ்வரத்தை ஒப்பிட்டாலே அகப்பட்டுவிடும். ஸ்ட்ரீமிங் ஆப்களின் பட்டியல் மாறிக்கொண்டே இருப்பதால், சந்தா கட்டும் முன் தொடர் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ஆட்டோப்ளேயை அணைத்துவிடுங்கள். 2 முதல் 4 வயதுக்குத் திரை நேரம் நாளைக்கு ஒரு மணிக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல். ஒரு எபிசோடும் அசல் இசையும் சேர்ந்தால் அரை மணிதான், அதுவே போதும்.

தொடரின் உண்மையான குறை க்வின்ஸி. எந்த வாத்தியத்தைக் கையில் எடுத்தாலும் அடுத்த நொடி வாசிக்கிறான். பார்த்த குழந்தை வயலின் கேட்கும், அப்பா தோபி தலாவ் பக்கம் கடைக்குப் போய் வாங்கிக்கொடுத்தும்விடுவார். முதல் மாதம் கீச்சுச் சத்தம் மட்டுமே வரும் என்பது இருவருக்கும் தெரியாது. வாங்குவதென்றால் வயதைச் சொல்லி வாங்காதீர்கள். கையை நீட்டச் சொல்லி, கழுத்திலிருந்து உள்ளங்கை நடுவரை அளந்து, அதற்கேற்ற கால், அரை சைஸ் எடுக்க வேண்டும். எந்த முறை கற்கப் போகிறது என்பதையும் முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள். கடைக்காரர் கட்டித் தருவது மேற்கத்திய முறையில் இருக்கும். நம் முறைக்குத் தந்திகளை ஸ ப ஸ ப என்று சேர்த்து, சம்மணமிட்டு, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றிப் பிடிக்க வேண்டும். வீட்டில் நீங்களாகத் தந்தியை முறுக்கும் பிரடையைத் திருகினால் சின்ன வயலினில் மெல்லிய தந்திதான் முதலில் அறும்.

6 வயதுக்கு மேல் என்ன காட்டலாம்? பெரிய தேடல் வேண்டாம். டாம் அண்ட் ஜெர்ரியின் ‘தி கேட் கான்செர்ட்டோ’. ஹன்னாவும் பார்பெராவும் இயக்கி 1947இல் வெளிவந்த, ஆஸ்கர் வாங்கிய குறும்படம், எட்டு நிமிடம்கூட இல்லை. ஒரு வார்த்தை வசனம் இல்லாததால் மொழிப் பிரச்சினையும் இல்லை. டெயில் கோட் போட்ட டாம் மேடையில் பியானோவில் உட்கார்ந்து, கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டு, லிஸ்ட்டின் 2ஆம் ஹங்கேரியன் ராப்ஸடியைத் தொடங்குகிறது. உள்ளே சுத்தியல்களின்மேல் தூங்கும் ஜெர்ரி தூக்கி எறியப்படுகிறது. அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் ரகளை. ஆனால் ரகளையிலும் வாசிப்பு நிற்பதில்லை. ஜெர்ரி மூடியை விரல்கள்மேல் அறைந்தாலும், கட்டைகளுக்கு நடுவில் எலிப்பொறியை வைத்தாலும், டாம் காலால் வாசித்தாலும், லிஸ்ட் ஓடிக்கொண்டே இருக்கிறார். விரல் விழும் கட்டைகளும் காதில் விழும் ஸ்வரமும் பெரும்பாலும் ஒத்துப்போவதைப் பியானோ தெரிந்தவர்கள் இன்றும் சிலாகிப்பார்கள்.

குழந்தைகள் இதைப் பார்ப்பதே வேறு மாதிரி. முதல் நிமிடம் சிரிப்பே வராது. டாம் என்ன செய்யப் போகிறது என்று காத்திருப்பார்கள். மெதுவான ‘லஸ்ஸான்’ பகுதி அந்த மௌனத்தில் முழுசாகக் காதில் ஏறிவிடுகிறது. யாரும் “கேளுங்கள்” என்று சொல்லவில்லை என்பதுதான் சூட்சுமம். வேகமான ‘ஃப்ரிஸ்கா’ வந்ததும் சிரிப்பு வெடிக்கும். எது ஞாபகம் இருக்கிறது என்று மறுநாள் கேட்டால் எலிப்பொறியைச் சொல்வார்கள், மெட்டைப் பாடச் சொன்னால் ஃப்ரிஸ்காவைப் பாடுவார்கள். சிரித்துக்கொண்டே கேட்டது எங்கும் போகவில்லை. காதுக்கு எது நல்லது என்று என்னிடம் கேட்டால், மெட்டை வார்த்தை போட்டு ஊட்டும் 24 நிமிடத்தைவிட இந்த எட்டு நிமிடத்துக்குத்தான் என் ஓட்டு.

ஜிப்ஸி ஸ்கேல் என்றும் ஹங்கேரியன் மைனர் என்றும் சொல்லப்படும் ஸ்வரவரிசை நம் 57ஆம் மேளமான, அதாவது தாய் ராகமான, சிம்மேந்திரமத்யமம்தான். இதைப் படித்துவிட்டு இந்தப் படத்தில் சிம்மேந்திரமத்யமத்தைத் தேடும் மாமாக்கள் உண்டு. ஏமாறுவார்கள். இசை சுருதி மாறிக்கொண்டே போகிறது, கடைசியில் பளிச்சென்ற மேஜரில் முடிகிறது.

மூளை வளரும் என்று நம்பிக் காட்டுபவர்களுக்கு இரண்டு வரி. மொஸார்ட் கேட்டால் அறிவு கூடும் என்ற பேச்சின் வேர் 1993இல் நேச்சர் இதழில் வந்த ஒரு சின்ன ஆய்வு. அதில் கேட்டவர்கள் கல்லூரி மாணவர்கள், கேட்டது 10 நிமிடம், இடம்சார் சோதனையில் கிடைத்த பலன் கால் மணி நேரத்தில் மறைந்தது. குழந்தைகள் அதில் இல்லவே இல்லை. இந்தத் தொடருக்கு அக்கா முறையான ‘பேபி ஐன்ஸ்டைன்’ கைக்குழந்தை வீடியோக்களுக்கு எழுந்த எதிர்ப்பில் 2009இல் டிஸ்னி பணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தது. ‘லிட்டில் ஐன்ஸ்டைன்ஸ்’ அதைவிடப் பெரிய குழந்தைகளுக்கானது, அந்த விவகாரத்தில் இது சேராது. பெயரில் இருக்கும் ஐன்ஸ்டைனை மட்டும் நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

திரையில் பார்த்ததை நேரில் காட்ட மும்பையைவிட வசதியான ஊர் கிடையாது. நரிமன் பாயிண்டில் நிகழ்கலைகளுக்கான தேசிய மையமான என்சிபிஏ, அங்கேயே 2006இல் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா. சயான் பக்கம் ஷண்முகானந்தா அரங்கம், 2,700க்கு மேல் இருக்கைகள். இரண்டுக்கும் நாகரிகம் வேறு, போகும் முன் சொல்லிவைக்க வேண்டும். ஷண்முகானந்தாவில் குழந்தை தொடையில் தாளம் போட்டால் பக்கத்து மாமா சந்தோஷப்படுவார், தப்பினால் திருத்தியும் கொடுப்பார். என்சிபிஏயில் அதே தட்டலுக்கு நான்கு தலை திரும்பும். ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் கைதட்டுவதும் அங்கே வழக்கமில்லை. டாம் அண்ட் ஜெர்ரி படத்திலும் வாசிப்பு முடிந்தபிறகுதான் ஜெர்ரிக்குக் கைதட்டல் கிடைக்கிறது என்று ஞாபகப்படுத்தினால் குழந்தைக்குப் புரியும். கண்டக்டரைப் பார்த்ததும் “லியோ!” என்று கத்தாமல் இருக்க மட்டும் வழி தெரியவில்லை. டிக்கெட் எடுக்கும் முன் அந்த நிகழ்ச்சிக்கு வயது வரம்பு உண்டா என்று பார்த்துவிடுங்கள், இருக்கை நடைபாதை ஓரத்தில் இருக்கட்டும். முதல் தடவை இடைவேளை வரை இருந்தால் போதும்.